ஊசி கண்டதும் கத்தி கண்டதும்: மார்பகத் திசு அறிக்கைகள் வேறுபடுவது ஏன்?

2017ஆம் ஆண்டின் பிற்பகுதியில் என் மூத்த சகோதரிக்கு மேமோகிராம் எடுக்கப்பட்டது. வீட்டில் நாங்கள் அவரை ராத்தா என்றே அழைப்போம். அப்போது அவருக்கு வயது 58. கையில் தட்டுப்படும் கட்டி எதுவும் இல்லை. ஆனால் இடப்பக்க மார்பகத்தின் படத்தில், பொடி உப்பைத் தூவியது போலச் சுண்ணாம்புப் புள்ளிகள் ஓரிடத்தில் குவிந்திருந்தன. ஊசியால் திசு எடுத்துச் சோதித்தனர். பால் நாளத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும் புற்று, ஊடுருவல் காணப்படவில்லை என்று அறிக்கை வந்தது. மூன்று வாரங்களுக்குள் அப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்தனர். அதன்பின் வந்த இரண்டாம் அறிக்கையில் முதல் அறிக்கையின் செய்தி அப்படியே இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி கூடியிருந்தது: நாளச் சுவரைக் கடந்து ஊடுருவிய புற்று, 6 மில்லிமீட்டர்.

அந்த ஒரு வரி எங்கள் குடும்பத்தைக் கலக்கிவிட்டது. ராத்தாவின் மகன் பொறியாளர். "முதல் லேப் நம்மை ஏமாற்றிவிட்டது மாமா" என்றார். மற்றோர் உறவினர், கத்தி பட்டதால்தான் நோய் பரவிற்று என்று அடித்துப் பேசினார். அக்குளிலுள்ள நெறிக்கட்டிகளைச் சோதிக்க இன்னோர் அறுவைச் சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது அவர் சொல்லை நம்ப யாரும் ஆயத்தமாக இல்லை. வழக்குத் தொடுப்பதா, வேறு ஊருக்குச் செல்வதா, சிகிச்சையையே நிறுத்திவிடுவதா என்ற பேச்சில் ஐந்து வாரங்கள் கழிந்தன. இதில் வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அந்த ஐந்து வாரங்களும் ஆண்களாகிய நாங்கள் அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு வாதிட்டோமேயன்றி, நோயாளியான ராத்தாவிடம் எதையும் முழுமையாகச் சொல்லவில்லை.

நான் அரபிக் கல்லூரியில் பாடம் நடத்துபவன், மருத்துவன் அல்லன். ஓய்வுபெற்ற நோய்க்குறியியல் பேராசிரியை ஒருவரிடம் அக்காலத்தில் பலமுறை சென்று கேட்டறிந்ததையும், அதன்பின் வாசித்துத் தெளிந்ததையும் இங்கே எழுதுகிறேன். எங்களைப் போலவே இரண்டு காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும் குடும்பங்கள் பல இருப்பதை அறிந்தமையால் எழுதுகிறேன்.

பகுதியைக் கண்டு முழுமையைப் பேசுதல்

மன்திக் எனும் தர்க்கக் கலையை ஓதியோர் 'இஸ்திக்ரா நாகிஸ்' என்ற சொல்லை அறிவர். சிலவற்றை ஆராய்ந்து அனைத்துக்கும் பொது விதி கூறுவது, அதாவது நிறைவுறாத் தொகுத்தறிவு என்பது அதன் பொருள். இதற்குப் பாடநூல்களில் வழிவழியாக வரும் உதாரணம் ஒன்றுண்டு. நாம் கண்ட பிராணிகளெல்லாம் மெல்லும்போது கீழ்த்தாடையை அசைக்கின்றன. ஆகவே எல்லாப் பிராணிகளும் அவ்வாறே என்கிறோம். ஆனால் நாம் காணாத முதலை மேல்தாடையை அசைக்கிறது. முதலையைப் பற்றிய இச்செய்தியை இன்றைய விலங்கியல் ஏற்காது என்பது வேறு விஷயம். கண்டதைப் பற்றிய கூற்று உண்மையாக இருந்தும், காணாததற்கு அது பொருந்தாமல் போகலாம் என்பதே பாடம்.

ஊசித் திசுச் சோதனை இத்தகைய நிறைவுறாத் தொகுத்தறிவே. பெரும்பாலும் இதற்குப் பயன்படும் 14 கேஜ் ஊசியின் பருமன் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். அது வெட்டியெடுக்கும் திசு, நூல் துண்டு போல 2 சென்டிமீட்டருக்குட்பட்ட நீளமுடையது. 2 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டையான கட்டியில் இத்தகைய ஐந்து துண்டுகள் எடுத்ததாகக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். ஐந்தும் சேர்ந்து கட்டியின் கன அளவில் பத்தில் ஒரு பங்குகூட வாரா. அந்த நூல் துண்டும் முழுமையாகப் பார்க்கப்படுவதில்லை. ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகுக் கட்டியில் பதித்து, 4 அல்லது 5 மைக்ரான் தடிமனில் சீவி, சாயமேற்றிய சில சீவல்களே நுண்ணோக்கியின் கீழ்ச் செல்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்.

அப்படியானால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் அறிக்கை முழுமையானதா? அதுவும் இல்லை. வெட்டியெடுத்த திசுவின் ஓரங்களுக்கு மை பூசி, சில மில்லிமீட்டர் இடைவெளியில் துண்டுகளாக நறுக்கி, கண்ணுக்கும் கைக்கும் ஐயம் தரும் இடங்களைத் தேர்ந்தெடுத்தே மெழுகில் பதிக்கின்றனர். இதுவும் மாதிரியே, ஆனால் பன்மடங்கு பெரிய மாதிரி, பல திசைகளிலிருந்து எடுத்த மாதிரி. பேராசிரியை இதைத் தம் மொழியில் சொன்னார்: "ஊசியிடம் நாங்கள் கேட்பது 'இது என்ன?' என்று. அறுத்தெடுத்த திசுவிடம் கேட்பது 'இது எவ்வளவு, எதுவரை, ஓரத்தில் மிச்சம் இருக்கிறதா?' என்று. வேறு கேள்விக்கு வேறு பதில் வந்தால் அதை ஏன் முரண் என்கிறீர்கள்?" முரண்படுவதாகத் தோன்றும் இரு அறிவிப்புகளில் ஒன்றை உடனே தள்ளிவிடாமல், முதலில் இணைத்துப் பொருள்காண முயலவேண்டும் என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நான், என் வீட்டுக்கு வந்த இரு அறிக்கைகளிடம் அந்த விதியை மறந்துபோனேன்.

நாளத்துக்குள் இருந்தது வெளியே வந்த கதை

ராத்தாவுக்கு நேர்ந்தது, இரு அறிக்கைகளும் வேறுபடும் வகைகளில் மிகவும் அறியப்பட்ட ஒன்று. பால் சுரப்பிகளிலிருந்து காம்புவரை செல்லும் நாளங்களின் உட்சுவரில்தான் பெரும்பாலான மார்பகப் புற்று தோன்றுகிறது. நாளச் சுவருக்குள் அடங்கியிருக்கும்வரை அதற்கு டி.சி.ஐ.எஸ். என்று பெயர். அது சுவரைத் துளைத்து வெளித் திசுவில் கால் வைத்த பின்னரே நிணநீர் வழியாகவும் இரத்தத்தின் வழியாகவும் வேறிடம் செல்லும் வல்லமை பெறுகிறது. ஆகவே சுவர் உடைந்ததா இல்லையா என்பதில்தான் சிகிச்சையின் பாதி தங்கியிருக்கிறது.

நாளங்களோ ஒரு மரத்தின் கிளைகளைப் போல விரிந்தவை. நாளத்துள் அடங்கிய புற்று அவற்றினூடே 3, 4 சென்டிமீட்டர் பரவியிருக்கலாம். சுவர் உடைந்த இடம் அதில் ஒரு மிளகளவு மட்டுமே இருக்கலாம். ஊசி அந்த மிளகின் வழியே போகாவிட்டால், தான் கண்ட இடத்தில் ஊடுருவல் இல்லை என்றுதான் நேர்மையான அறிக்கை கூறும். பல ஆய்வுகளைத் திரட்டி 2011இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று இதற்குக் கணக்குத் தருகிறது. ஊசிச் சோதனையில் டி.சி.ஐ.எஸ். என்று மட்டும் அறியப்பட்ட பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சையில் ஊடுருவும் புற்றும் காணப்பட்டது. சாதாரண 14 கேஜ் ஊசியானால் பத்தில் மூவர். திசுவை உறிஞ்சியெடுக்கும் பெரிய ஊசியானால் ஐந்தில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு. எடுத்த திசு கூடக்கூட வேறுபாடு குறைகிறது என்பதே, காரணம் மாதிரியின் சிறுமைதான் என்பதற்குச் சான்று. படத்தில் கட்டியாகத் தெரிவதும், உயிரணுக்கள் உயர் தரத்தில், அதாவது மிகவும் உருமாறி இருப்பதும், இடம் பரந்திருப்பதும் இந்த வாய்ப்பைக் கூட்டுகின்றன. அனுபவமுள்ள மருத்துவர் ஊசி அறிக்கையைக் கொடுக்கும்போதே 'இது இறுதியன்று' என்று சொல்லிவிடுவார். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அல்லது சொன்னதை நாங்கள் காதில் வாங்கவில்லை.

கத்தி பட்டதால் பரவிற்று என்னும் கூற்றுக்கும் இங்கே விடையுண்டு. 6 மில்லிமீட்டர் ஊடுருவல் மூன்று வாரங்களில் முளைப்பதன்று. அது உருவாக நெடுங்காலம் பிடிக்கும். ஊசி நுழைந்த நாளிலும் அது அங்கேதான் இருந்தது. ஊசித் தடத்தில் சில உயிரணுக்கள் இடம்பெயர்ந்து கிடப்பதுண்டு. அவற்றை ஊடுருவலென்று பிழையாகக் கொள்ளாதிருக்க, நாளத்தைச் சுற்றியுள்ள உயிரணு அடுக்கு அப்படியே இருக்கிறதா என்று காட்டும் தனிச் சாயங்களால் நோய்க்குறியியலார் சோதிப்பர்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஊசியில் சிறிய ஊடுருவும் புற்று கண்டிருக்க, அறுவைச் சிகிச்சை அறிக்கையில் புற்று ஏதும் மிச்சமில்லை என்று வருவது. உறிஞ்சும் ஊசியே அச்சிறு புற்றை முழுவதும் வாரியெடுத்துவிட்டால் இவ்வாறு நேரும். இதைக் கண்டு, இல்லாத நோய்க்கு அறுத்துவிட்டனர் என்று கொதிப்போரை நான் கண்டிருக்கிறேன். அத்தகைய நிலையில் ஊசியில் கண்ட அளவையே கொண்டு நோயின் நிலையைக் குறிக்க வேண்டும். முதல் அறிக்கையை இரண்டாவது அறிக்கை அழித்துவிடுவதில்லை. அறுத்தெடுத்த திசுவில் பழைய ஊசிப் புண்ணின் வடுவோ, அங்கே வைத்த உலோகக் குறியோ காணப்பட்டது என்று அறிக்கையில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கவேண்டும். வடுவும் இல்லை, குறியும் இல்லையென்றால் அறுத்த இடமே தவறியிருக்கக்கூடும். அப்போது கேள்வி கேட்பது கடமை.

நம் நாட்டில் நெடுங்காலம் பரவலாக இருந்த மெல்லூசிச் சோதனையான எஃப்.என்.ஏ.சி.யைப் பற்றியும் ஒரு சொல். அது உதிரி உயிரணுக்களை மட்டுமே உறிஞ்சுகிறது. திசுவின் அமைப்பு கிடைப்பதில்லை. சுவரே இல்லாத இடத்தில் சுவர் உடைந்ததா என்று எப்படிச் சொல்வது? எனவே அது 'புற்று' என்று கூறலாம். ஊடுருவியதா என்று கூறமாட்டாது. ஃபைப்ரோஅடினோமா எனும் தீங்கற்ற கட்டியும் ஃபில்லோடஸ் எனும் கட்டியும் நூல் துண்டில் ஒன்றுபோலவே தோன்றி, முழுக் கட்டியைக் கண்டபின் வேறுபடுவதும் இத்தகையதே.

தரம் மாறுவது

அறிக்கையில் கிரேடு 1, 2, 3 என்று தரம் குறிக்கப்படுவதை வாசகர்கள் கண்டிருக்கலாம். ப்ளூம், ரிச்சர்ட்சன் ஆகியோர் 1957இல் முறைப்படுத்தி, எல்ஸ்டன், எல்லிஸ் இருவரும் 1991இல் நாட்டிங்ஹாமில் செம்மைசெய்த அளவுகோல் இது. குழல் வடிவம் எவ்வளவு எஞ்சியுள்ளது, உட்கருக்கள் எவ்வளவு உருமாறியுள்ளன, பிளவுறும் உயிரணுக்கள் எத்தனை என்ற மூன்றுக்கும் தலா 1 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 5 வரை முதல் தரம், 6, 7 இரண்டாம் தரம், 8, 9 மூன்றாம் தரம். மூன்றாவது அளவுகோல்தான் ஊசியில் ஏமாற்றுவது. உயிரணுக்கள் மும்முரமாகப் பிளவுறுவது பெரும்பாலும் கட்டியின் விளிம்பில். எண்ண வேண்டியதும் அத்தகைய மும்முரமான இடத்தில். நூல் துண்டில் அந்த விளிம்பு சிக்காமல் போனால் எண்ணிக்கை குறைந்து, தரமும் குறைந்து தோன்றும். அதனால் ஊசியில் 2 என்றிருந்தது அறுவைக்குப்பின் 3 ஆவது, அதன் எதிர்மாற்றத்தைவிட அதிகம். பெரும்பாலும் மாற்றம் ஒரு படிதான். 7 மதிப்பெண்ணுக்கும் 8 மதிப்பெண்ணுக்கும் இடையிலுள்ள ஒரு எண்தான் நோயாளியின் கண்ணுக்கு 'நோய் முற்றிவிட்டது' என்று தெரிகிறது. தரம் வேறு, நோய் பரவிய நிலை வேறு என்பதையும் பலர் குழப்பிக்கொள்கின்றனர்.

ஊசியே மேலாவது

இதுவரை படித்தவர்கள், இரண்டாம் அறிக்கையே எப்போதும் மேலானது என்று முடிவுகட்டியிருக்கலாம். அது சரியன்று. ஹார்மோன் ஏற்பிகளான ஈ.ஆர்., பி.ஆர். ஆகியவற்றிலும், ஹெர்-2 எனும் புரதத்திலும் பல வேளைகளில் ஊசியின் சாட்சியமே நம்பத்தக்கது.

காரணம் மிக எளியது. சமையலறையில் நிற்கும் யாரும் உடனே உணர்வர். உடலிலிருந்து பிரிந்த திசு அந்த நொடியிலிருந்தே கெடத் தொடங்குகிறது. ஊசியின் நூல் துண்டு சில நிமிடங்களுக்குள் ஃபார்மலினில் விழுகிறது. மெல்லியதாதலால் நன்கு ஊறுகிறது. வெட்டியெடுத்த பெரிய திசுவோ அறுவை அரங்கிலிருந்து ஆய்வகம் செல்லவேண்டும். அங்கே நறுக்கப்பட வேண்டும். நறுக்காமல் வாளியில் போட்டுவைத்தால் ஃபார்மலின் மணிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் என்ற அளவில்தான் உள்ளே ஊறும். நடுப்பகுதி அதற்குள் கெட்டுவிடும். எனவேதான் ஒரு மணி நேரத்துக்குள் பதப்படுத்தத் தொடங்கவேண்டும், 6 மணிக்குக் குறையாமலும் 72 மணிக்கு மிகாமலும் ஊறவேண்டும் என்று விதித்திருக்கின்றனர். விடுமுறை நாளின் முந்தைய மாலையில் எடுத்த திசு எங்கே, எத்தனை மணி கிடந்தது என்பதை அறிக்கையின் முகம் காட்டாது. ஊசியில் ஈ.ஆர். உண்டு என்றும் அறுவைத் திசுவில் இல்லை என்றும் வந்தால், நோய் மாறிற்று என்று எண்ணுமுன், திசு எப்படிப் பேணப்பட்டது என்று கேட்கவேண்டும். ஈ.ஆர். உண்டு என்பது பல ஆண்டுகளுக்குரிய ஹார்மோன் மாத்திரையைக் குறிக்கும். இல்லை என்று பிழையாக வந்தால் அந்த மருந்தே ஒரு பெண்ணுக்கு மறுக்கப்பட்டுவிடும்.

வேறு காரணங்களும் உண்டு. ஒரே கட்டியில் ஒரு பக்கம் ஏற்பி இருந்து மறுபக்கம் இல்லாதிருக்கலாம், பி.ஆர். இவ்வாறு திட்டுத்திட்டாக இருப்பது சாதாரணம், ஈ.ஆரில் அத்தனை இல்லை. எல்லைக்கோடும் ஒரு சிக்கல். நூறு உயிரணுக்களில் ஒன்று சாயமேற்றாலே ஈ.ஆர். உண்டு என்று கொள்வது 2010 முதல் உள்ள விதி. 1 முதல் 10 விழுக்காடு வரை உள்ளதைத் 'தாழ்நிலை' என்று தனியே குறிக்குமாறு 2020இல் திருத்தினர். ஹெர்-2இல் 0, 1+, 2+, 3+ என்ற படிகள். 2+ என்றால் ஐயம், ஃபிஷ் என்னும் மரபணுச் சோதனை வேண்டும். 0வுக்கும் 1+க்கும் வேறுபாடு காண்பதில் முன்பு யாருக்கும் அக்கறை இல்லை. இரண்டும் 'இல்லை' என்றே எழுதப்பட்டன. 2022இல் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் எனும் மருந்து, உடலின் வேறு பகுதிகளுக்குப் பரவிய நோயில், ஹெர்-2 தாழ்நிலையில் உள்ளோருக்கும் பயன்தருவதாக ஆய்வில் தெரிந்தபின், எந்த இடத்தில் வல்லுநர்களின் கண்கள் மிகவும் வேறுபடுகின்றனவோ அந்த இடத்திலேயே மருந்தின் வாசல் அமைந்துவிட்டது. ஊசியில் 0 என்றிருந்தது அறுவைத் திசுவில் 1+ என்று வந்தால் இன்று அது வெறும் எழுத்து வேறுபாடன்று.

கட்டியின் அளவு, ஓரத்தில் மிச்சம், நெறிக்கட்டி ஆகியவற்றை அறுவைத் திசுவே சொல்லும். ஊசிக்கு அதில் பங்கு குறைவு. ஓரங்கள் குறித்து இரண்டு மரபுகள்: ஊடுருவும் புற்றில் மை பூசிய விளிம்பைப் புற்று தொடாதிருந்தால் போதும் என்பது 2014இன் வழிகாட்டல்; நாளத்துள் அடங்கியதற்கு 2 மில்லிமீட்டர் இடைவெளி என்பது 2016இன் வழிகாட்டல். நெறிக்கட்டியில் ஒரு நுணுக்கம் உண்டு. அறுவை நடக்கும்போதே திசுவை உறையவைத்துப் பார்த்து 'புற்று இல்லை' என்று கூறியிருப்பர். சில நாள் கழித்து மெழுகில் பதித்துப் பார்க்கையில் 2 மில்லிமீட்டருக்குட்பட்ட நுண்துகள் தெரியவரும். இதுவும் அவசரத்தில் கண்டதற்கும் அமைதியாகக் கண்டதற்கும் உள்ள வேறுபாடே.

அறுவைக்கு முன்பே கீமோ சிகிச்சை கொடுக்கப்பட்டிருந்தால் கணக்கே வேறு. அப்போது இரண்டாம் அறிக்கை, மருந்து போனபின் எஞ்சியதை மட்டுமே காண்கிறது. அதனால்தான் நிலைக் குறியீட்டின் முன் 'ஒய்' எழுத்தைச் சேர்க்கின்றனர். புற்றே இல்லை என்று வந்தால் அது முதல் அறிக்கை பொய் என்பதன்று. மருந்து வென்றது என்பதாகும். ஏற்பிகளும் மருந்தால் மாறியிருக்கலாம். ஆகவே இத்தகையோருக்கு ஊசித் திசுவின் மெழுகுக் கட்டி பொன்னைப்போலப் பாதுகாக்கத்தக்கது. நோயின் அசல் உருவம் வேறெங்கும் இல்லை.

கண்களின் வேறுபாடும் கைகளின் பிழையும்

எல்லாவற்றையும் மாதிரியின் மீதே போட்டுவிட முடியாது. பார்ப்பவரின் தீர்ப்பும் வேறுபடும். அமெரிக்காவில் 115 நோய்க்குறியியல் மருத்துவர்களிடம் மார்பகத் திசு ஸ்லைடுகளைக் கொடுத்து அவர்தம் முடிவுகளை வல்லுநர் குழுவின் முடிவுகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஊடுருவும் புற்றில் 96 விழுக்காடு ஒத்துப்போயின. டி.சி.ஐ.எஸ்.இல் 84. புற்றாகாத, ஆனால் இயல்பும் அல்லாத 'அட்டிபியா' நிலையில் 48 மட்டுமே. ஒருவருக்கு ஒரு ஸ்லைடு மட்டும் காட்டி, பிறரைக் கலந்துகொள்ள இடமின்றி நடத்திய சோதனை இது. நடைமுறையில் வேறு ஸ்லைடுகளும் சக மருத்துவரின் கண்களும் துணைக்கு உண்டு. எனினும் இதிலிருந்து ஒன்று தெளிவு. கறுப்பிலும் வெள்ளையிலும் வல்லுநர்கள் ஒன்றுபடுகின்றனர். சாம்பல் நிறத்தில் பிரிகின்றனர். ஊசி அறிக்கையில் அட்டிபியா என்றிருந்தால் இன்னொருவர் பார்வையைக் கேட்பது அவமதிப்பன்று.

உண்மையான பிழைகளும் உண்டு. பெயர்ச்சீட்டு மாறுதல், ஒருவர் திசுவின் துணுக்கு மற்றொருவர் ஸ்லைடில் ஒட்டிக்கொள்ளுதல் ஆகியவை அரிதாயினும் நடப்பவை. இரு அறிக்கைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரு நோய்களைப் பேசினால், அல்லது மேமோகிராம் கடுமையாகச் சந்தேகிக்க ஊசி 'ஒன்றுமில்லை' என்று கூறினால், அந்த ஐயத்தை விடக்கூடாது. தேவைப்பட்டால் டி.என்.ஏ. சோதனையால் திசு யாருடையது என்று நிறுவமுடியும். ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததுபோல், வேறுபாடு கண்ட உடனே பிழை என்ற சொல்லில் தொடங்கினால் மற்ற காரணங்களைக் காணும் கண் மூடிவிடுகிறது.

ஏன் இரண்டு அறிக்கைகள்?

ஒரே அறிக்கையாக இருந்திருந்தால் இந்தக் குழப்பமே இல்லையே என்று தோன்றலாம். அப்படியொரு காலம் இருந்தது. அது நல்ல காலமன்று. 'பயாப்ஸி' என்ற சொல்லை 1879இல் பிரெஞ்சு மருத்துவர் எர்னெஸ்ட் பெனியே ஆக்கினார். ஆயினும் அமெரிக்காவில் 1970கள் வரை பெரும்பாலும் பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்தி, கட்டியின் துண்டை உறையவைத்துப் பார்த்து, புற்றென்றால் அதே மயக்கத்திலேயே மார்பகத்தை முழுவதும் அகற்றிவிடுவர். மார்பு இருக்குமா இருக்காதா என்று அறியாமலே அவள் மயக்கத்துக்குள் சென்றாள். 1974இல் தன் மார்பில் கட்டி கண்ட ரோஸ் குஷ்னர் எனும் பத்திரிகையாளர், சோதனை வேறு, சிகிச்சை வேறாக நடக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அவரும் இடம்பெற்ற தேசியச் சுகாதார நிறுவனத்தின் குழு 1979இல் அந்த இருபடி முறையையே பரிந்துரைத்தது. முதல் அறிக்கைக்கும் இரண்டாம் அறிக்கைக்கும் இடையிலுள்ள நாள்கள் ஒரு பெண் கேட்பதற்கும் யோசிப்பதற்கும் சம்மதிப்பதற்கும் மறுப்பதற்கும் என்று போராடிப் பெற்றவை. அந்த நாள்களைத்தான் எங்கள் வீட்டு ஆண்கள் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

இவ்விடத்தில் கார்டோபா அருகே வாழ்ந்த அபுல்காஸிம் அஸ்ஸஹ்ராவியை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் அம்மாபெரும் அறுவை மருத்துவர், 'அத்தஸ்ரீஃப்' நூலின் அறுவைப் பகுதியில் புற்றைப் பற்றி எழுதுகையில், மார்பகம் போன்ற இடத்தில் தொடக்க நிலையில் சிறிதாக இருப்பதை முழுவதும் அகற்ற முயலலாம் என்கிறார். நாள்பட்டுப் பெருத்ததைத் தொடவேண்டாம் என்கிறார். அத்தகைய ஒன்றையும் தாம் குணப்படுத்தியதில்லை, குணப்படுத்தியவரைக் கண்டதுமில்லை என்றும் மறைக்காமல் எழுதுகிறார். தனக்குத் தெரிந்தது எதுவரை என்று சொல்லும் அந்த நேர்மையின் இன்றைய வடிவமே 'எடுத்த திசுவில் ஊடுருவல் காணப்படவில்லை' என்ற வாசகம். எடுத்த திசுவில் என்ற இரு சொற்களை நாங்கள் வாசிக்கவே இல்லை.

இரு அறிக்கைகளும் வேறுபடும்போது, இரண்டின் ஸ்லைடுகளையும் ஒரே மருத்துவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாரா என்பதே முதலில் கேட்கவேண்டியது. எத்தனை துண்டுகள், எந்த ஊசியில் எடுக்கப்பட்டன, படம் சொன்னதோடு அவை பொருந்தினவா என்பதும், ஏற்பிச் சோதனை எந்தத் திசுவில் செய்யப்பட்டது என்பதும் கேட்கத்தக்கவை. ஐயம் தீராவிட்டால் ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் கேட்டுப் பெற்று, மும்பை டாடா நினைவு மருத்துவமனை போன்ற பெரிய நிலையத்தில் மறுபார்வைக்குக் கொடுக்கலாம். அறிக்கையின் நகலை மட்டும் கொண்டுபோவதில் பயனில்லை. அது ஒருவர் கண்டதைப் பிறர் வாசிப்பதேயாகும். மெழுகுக் கட்டி இருந்தால் மீண்டும் சீவலாம், மீண்டும் சாயமேற்றலாம். திரும்பப் பெறுவதற்கு ரசீது வாங்கிக்கொள்வது நல்லது.

ஐந்தாம் வாரத்தின் முடிவில் பேராசிரியை ஒரு நிபந்தனை விதித்தார். இனி நோயாளி வராமல் தாம் எதையும் விளக்கப்போவதில்லை என்றார். ராத்தா வந்தார். முகத்தில் கோபம் இருந்தது. வழியில் என்னிடம், "தம்பி, முதல் காயிதத்தையும் காட்டல, ரெண்டாவதையும் காட்டல. ஒடம்பு என்னுதா ஒங்களுதா?" என்று கேட்டிருந்தார். நான் பதில் சொல்லவில்லை.

பேராசிரியை இரு மருத்துவமனைகளின் ஸ்லைடுகளையும் வரவழைத்திருந்தார். இரட்டைக் கண்ணாடி உள்ள நுண்ணோக்கியில் அவர் ஒருபுறம் பார்க்க, ராத்தா மறுபுறம் பார்த்தார். ஊதா நிற வட்டங்கள், ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய வேலி. பிறகு அறுவைத் திசுவின் ஸ்லைடு ஒன்றில், வேலியின்றிச் சிதறிக்கிடந்த இடத்தை அம்புக்குறியால் காட்டினார். "இதுதான் அந்த ஆறு மில்லிமீட்டரா?" என்று ராத்தா கேட்டார். ஆம் என்றார் அவர். "அப்ப ஊசி எங்கே போச்சு?" என்றார் ராத்தா. பேராசிரியை வேறொரு ஸ்லைடை எடுத்துவைத்தார். ஊசி சென்ற தடம் ஆறி, வடுவாகித் தெளிவாகத் தெரிந்தது. இரண்டுக்கும் இடையே ஒன்றரைச் சென்டிமீட்டர் தூரம் இருந்ததாக அறிக்கையின் குறிப்பைப் பார்த்துச் சொன்னார். ராத்தா தம் சுட்டுவிரலின் நுனிக்கணுவை மறுகையால் அளந்து பார்த்தார்.

மறுநாள் அறுவைச் சிகிச்சைக்கான சம்மதப் படிவத்தை மருத்துவமனையில் நீட்டியபோது, வழக்கம்போல் அவர் மகன் கைநீட்டினார். ராத்தா அதை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முழுவதும் வாசித்த பின் தாமே கையெழுத்திட்டார்.